ஹல்வோரின் விறகடுக்கு

இலையுதிர்காலம் வந்தால், எங்கள் நார்வே மலைக்கிராமத்தில் ஆண்களை அவர்களுடைய விறகடுக்கை வைத்துத்தான் எடைபோடுவார்கள். என் கணவர் ஹல்வோர் அதில் ராஜா. பிர்ச் மரத்தைப் பிளந்து, சுவரோரம் நூல் பிடித்தாற்போல் அடுக்கிவிடுவார்.

"சித்திரம் மாதிரி இருக்குய்யா!" என்பார் பக்கத்துப் பண்ணை ஆஸ்லாக்.

அந்தப் பாராட்டுதான் வினை. பனி கொட்டத் தொடங்கியதும் நான் கேட்பேன்: "ரெண்டு கட்டை எடுக்கட்டுமா?"

"அடுக்கு கலைஞ்சிடும், ராக்னா. இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கோ."

"குளிர்காயத்தானே விறகு?"

"வசந்தம் வரைக்கும் முழுசா நிக்கட்டும். ஆஸ்லாக்கோடது இப்பவே பாதி காலி, பாத்தியா?"

சுள்ளி பொறுக்கி எரித்தோம். இருவரும் இருமினோம்.

அந்த ஜனவரியில் ஒருநாள் வீடு நிறைய ஆட்கள்.

"காபிக் கோப்பையைப் பிடிக்க முடியலை, கை விறைக்குது. அடுப்பை நல்லா மூட்டு, ராக்னா" என்றாள் ஆஸ்லாக்கின் மனைவி சிக்னே.

வெளியே போய், அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். மொத்த அடுக்கும் இடிபோல் சரிந்தது.

உள்ளே பேச்சு நின்றது. எல்லோரும் ஹல்வோர் இருந்த அறையைப் பார்த்தார்கள். ஒரு அதட்டல்கூட வரவில்லை.

கை கொள்ளாமல் அள்ளி வந்து அடுப்பில் போட்டேன். அவர் கையால் பிளந்த கட்டை, நன்றாகவே எரிந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளிகள் கோட்டைக் கழற்றியது அன்றுதான்.

"என்னா கதகதப்பு!" என்ற சிக்னே, சவப்பெட்டியின் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள். "அவருக்குத்தான் குடுத்துவைக்கலை."