ஒரு கைப்பிடித் தழை

"ஒரு கைப்பிடி தழைதான் சார் கேக்கறேன். எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா கீது."

சாமுண்டீஸ்வரி கேட்டுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே இராமகிருஷ்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தழை தர்றதுக்கில்லம்மா. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"இவ்ளோ கீதே சார். ஒரு பிடி குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

"சொன்னேன்ல, தர மாட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆவடி பாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் தெருக்கோடியில் வீடு கட்டி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தனி ஆள். யாரோடும் பேச்சு கிடையாது. அந்தப் பாத்திதான் அவருக்கு எல்லாம். ஆடு நுழையாமல் பச்சை வலை கட்டியிருந்தார். வெயில் ஏறுவதற்கு முன்னால் பூவாளியில் தண்ணீர் விடுவார். மழை நாளில் நத்தையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போடுவார். கணு தொட்ட இடமெல்லாம் வேர்விட்டு, செடி பாய் விரித்த மாதிரி படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஆனால் ஒரு இலையைக்கூட அவர் பறித்து யாரும் பார்த்ததில்லை. முற்றி, பழுத்து, அங்கேயே மக்கிப்போகும்.

"மண்ணோட மக்குனாலும் மக்கட்டும், மனுசனுக்குத் தர மாட்டாராம். இன்னா ஜென்மமோ" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள் சாமுண்டீஸ்வரி.

கோதண்டம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ஒரு வாரமாக வண்டியை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா" என்றாள்.

"போனா படுக்க வச்சிடுவானுங்க. லோடு யாரு அடிக்கறது? எங்க பெரீப்பாவுக்குக் காமாலை இந்தத் தழையிலதான் கேட்டுச்சு. நீ எங்கியாச்சும் பாத்து எடுத்துகினு வா."

அவள் ஏரிக்கரை முழுக்கத் தேடினாள். பிளாட் போட்டு மண் அடித்த இடத்தில் அந்தச் செடி எங்கே இருக்கும்? வெள்ளைப் பூ பூக்கிறதுதான் கிடைத்தது. மஞ்சள் பூ பூக்கிறதுதான் காமாலைக்கு ஆகும் என்று கோதண்டம் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"கோடி வீட்டு சார் அனுப்பிச்சாரு. யாரையோ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போணும்னாரு."

சாமுண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தழை குடுக்க மனசு வரல, ஆட்டோ அனுப்ப வருதா? நீ போ நைனா."

ஆட்டோ திரும்பிப் போனது.

ஒரு வாரம் போராடிப் பார்த்தாள். எட்டாம் நாள் துணிந்துவிட்டாள். இராமகிருஷ்ணன் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பால் வாங்கப் போவார். அந்த நேரம் பார்த்து வலையைத் தூக்கி நுழைந்தாள். தெரியாமலிருக்க அங்கொன்று இங்கொன்றாகப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். காலையில் வெறும் வயிற்றில் அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள்.

மூன்றாம் நாள் கோதண்டம், "பசிக்குது சாமுண்டி" என்றான். அவள் அழுதேவிட்டாள். ரசம் வைத்துக் குழையக் குழையச் சோறு பிசைந்து ஊட்டினாள்.

தினமும் திருடினாள். தழை கொடுக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. என்னமோ உளறினான். தெருக்காரர்கள் அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"இத்தனை நாள் என்ன செஞ்சுட்டிருந்தீங்க?" என்று மட்டும்தான் டாக்டர் கேட்டார். இரண்டாம் நாள் கோதண்டம் போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் சாமுண்டீஸ்வரி இராமகிருஷ்ணன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவர் கையில் பூவாளியோடு நின்றிருந்தார். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"நான் கேட்ட அன்னிக்கே நீ குடுத்திருந்தா எம் புருசன் பொழச்சிருப்பான் சார். எட்டு நாளு. எட்டு நாளு லேட்டாப் போச்சு. அப்புறம் நானே திருடிக் குடுத்தேன். ஆமா, உன் செடியிலதான் திருடினேன். போலீசுல வேணா போய்ச் சொல்லு."

அவர் கையிலிருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் கால்மேல் கொட்டியது. நகரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேனேம்மா" என்றார். "தழை கிடைக்கலன்னா வேற வழியில்லாம அங்கதானே போவீங்கன்னு..."

"இன்னா சார் கதை வுடறே? மருந்துக்கும் தர மாட்டே, கறிக்கும் பறிக்க மாட்டேன்னா இத எதுக்குப் புள்ள மாதிரி வளக்கறே?"

அவர் வேடிக்கை பார்த்தவர்களை ஒருமுறை பார்த்தார். பூவாளியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லக் கூசுச்சும்மா. இது குவார்ட்டர்ஸ்ல என் பொண்ணு தேவிப்பிரியா வச்ச செடி, அங்கேருந்து பேத்து எடுத்துட்டு வந்தேன். அவளுக்குக் காமாலை வந்தப்ப, 'ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா'ன்னு அழுதா. நான்தான் வேண்டாம்னுட்டு, இந்தத் தழையையே இருபது நாள் என் கையால அரைச்சுக் குடுத்தேன்."