கப்பலுக்குப் போன அம்மா

மூன்றடுக்குக் கட்டிலின் அடித்தட்டில் ரோண்டா போர்வையை மடித்துச் செருகி முடித்தபோது காலை மணி ஆறுகூட ஆகவில்லை. விரிப்பில் மருந்துக்கும் ஒரு சுருக்கம் கிடையாது. தேவாலய இளைஞர் குழுவின் பிள்ளைகள் பல்கூடத் துலக்காமல் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள்.

"பாத்தீங்களா? நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலையே!" என்றாள் மகள் டெஸ்ஸா. "எங்கம்மா ரெண்டு வருஷம் கடற்படைக் கப்பல்ல இருந்தாங்க."

ரோண்டா தலையணையைத் தேவையில்லாமல் இன்னொரு முறை தட்டினாள். அந்த இரண்டு வருடத்தில் மகளுக்கு இரண்டு பிறந்தநாள், ஒரு கை முறிவு. எதற்கும் அவள் பக்கத்தில் இல்லை. வரவேண்டிய வேறொரு அம்மாவுக்கு நேற்று காய்ச்சல் வந்ததால்தான், அருங்காட்சியகமாகிவிட்ட இந்தப் பழைய போர்க்கப்பலில் ஒரு ராத்திரி துணைக்குத் தங்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் விடுவார்களா?

"ஆன்ட்டி, படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா கடல் பாப்பீங்களா?"

"எங்க ரூம்ல ஜன்னலே கிடையாதுப்பா."

"சாப்பாடு?"

"மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சா தூக்கம். பாதி நாள் வேகாத பீன்ஸ்தான்."

"டெஸ்ஸாகூட பேசவே முடியாதா?"

"ஞாயித்துக்கிழமை பதினஞ்சு நிமிஷம் போன். அதுக்கும் வரிசையில நிக்கணும்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் டெஸ்ஸாவின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கப்பலைச் சுற்றிக்காட்டும் ஹார்லன் கிழவர் அப்போதுதான் வந்தார். இளவயதில் இதே கப்பலில் வேலை பார்த்தவர். விஷயத்தைக் கேட்டதும் கூன் நிமிர்ந்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"பெத்த பிள்ளையப் பிரிஞ்சு நாட்டுக்காகப் போயிருக்கே. பெரிய மனசும்மா. எந்தக் கப்பல்?"

ரோண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த சல்யூட்டை வாங்கிக்கொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது? "ஐயா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

டெஸ்ஸா முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது தாத்தா. ரகசியம்!"

"சரி தாயி, நான் வாயே தொறக்கல" என்று சிரித்தார் கிழவர். "ஓடுங்க, ஓடுங்க. மேல பான்கேக் ஆறிப்போகுது!"

பிள்ளைகள் அடித்துப்பிடித்து ஓடினார்கள். பின்னாலேயே கிழவரும் போனார். போகிறபோக்கில் கனத்த இரும்புக் கதவை யாரோ இழுத்துச் சாத்திவிட்டார்கள். உள்ளே ரோண்டாவும் மகளும் மட்டும்தான்.

ரோண்டா கதவுக்கு ஓரடி தள்ளி நின்றாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில், பார்வை நேராக. கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

டெஸ்ஸா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கைப்பிடியின் மேல் வைத்தாள்.

"ஜெயில்லருந்து வந்து மூணு வாரமாச்சும்மா. கதவை இனிமே நீயே தொறக்கலாம்."