இரண்டு விரக்கடை

வண்டியூர் தெப்பக்குளத்தில் புதுப் படகின் மோட்டார் அலறியது, படகு நகரவில்லை. கம்பெனி இன்ஜினீயர் வரவேண்டும். படகோட்டி கிளமெண்ட் அவரைப் பார்த்ததே இல்லை.

"இம்புட்டு ஒசரத்துல மாட்டினா எப்படி? ரெண்டு விரக்கடை கீழ இறக்குங்க," என்றது கரையிலிருந்து ஒரு பெண்குரல்.

"சரிங்க இன்ஜினீயர் மேடம்!"

மோட்டாரை இறக்கி மாட்டினான். அலறல் அடங்கியது. படகு மைய மண்டபத்தை ஒரே வீச்சில் சுற்றி வந்தது. கரையே வாய்பிளந்தது.

செல்போன் அடித்தது. "இன்ஜினீயர் பிரியம்வதா பேசுறேன். இப்பத்தான் கொட்டாம்பட்டி தாண்டுறேன்."

கிளமெண்ட் கரையைப் பார்த்தான். "அப்ப நீங்க?"

"எதிர்த்த ஜூஸ் கடை ரூத்து, தம்பி. மிக்ஸியில ஜூஸ் கொறைஞ்சு பிளேடு வெளிய தெரிஞ்சா இப்படித்தான் கத்தும்."

கிளமெண்ட் போனில் சொன்னான்: "மெதுவா வாங்க மேடம். இங்க ஒரு மேடம் இருக்காங்க."