வாய் வைக்காத பால்

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் எஸ்தர், அந்தக் குட்டி பிறந்ததும், தாயின் காம்பில் வாய் வைப்பதற்குள் எடுத்து நோயில்லாத வேறொரு எலியிடம் விட்டாள். இந்த வம்சத்துக்குப் புற்றுநோய் தாய்ப்பாலில்தான் வருகிறது, அது படாவிட்டால் குட்டி பிழைத்துக்கொள்ளும் என்று ஆய்வை நடத்தும் முகுந்தன் சார் சொல்லியிருந்தார். கூண்டுக்குள் மரத்தூளைக் கிளறிக் கிளறித் தேடிய தாயை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தாம் மாதம், வழக்கம்போல் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்த, வளர்ந்துவிட்ட அந்தக் குட்டியின் அக்குளில் கொண்டைக்கடலை அளவு கட்டி தட்டுப்பட்டது.

சார் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பால்ல வரல எஸ்தர். என்னைக்கோ இதோட முன்னோருக்குத் தொத்தின வைரஸ், மரபணுவுலயே தங்கிடுச்சு. கருவுலயே கூட வந்திருக்கு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"சந்தேகம் இருந்துச்சு. அத நிரூபிக்கத்தானே இத வளக்கச் சொன்னேன்."

கட்டியை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கையை நீட்டினார். எலி மிரண்டு, எஸ்தரின் கோட்டுக் கைக்குள் புகுந்து ஒண்டிக்கொண்டது. பிறந்த அன்று தாயின் மடியிலிருந்து அதை எடுத்ததும் அந்தக் கைதான்.