மணிக்குத் தெரிந்த பாஷை

ஜம்புவுக்கு மெட்ராஸுக்கு மாற்றல். நாளைக்கு ரயில். அங்கே பார்த்திருக்கும் வீட்டில் நாய் கூடாதாம். டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு மழையில் நனைந்து வந்து, வீட்டில் ஒருவனாகிவிட்ட குட்டி நாய் மணிக்கு இன்னும் ஓர் இடம் அமையவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "இதர் ஆவோ" என்று இந்தியில்தான் கூப்பிட்டார்கள். மணி சுவரைப் பார்த்தது. காது கேட்காத நாய் என்று போய்விட்டார்கள்.

"தமிழ்க் குடும்பமாப் பாருங்கோன்னேனே" என்றாள் மனைவி ருக்கு.

"வேதாந்தம் தமிழ்க்காரர்தான், அவர் ஆத்துக் குழந்தைகளும் இந்தியிலதானே கூப்பிட்டுது."

மணியைக் குறை சொல்ல ஜம்புவுக்கு வாயில்லை. இத்தனை வருட டில்லியில் அவருக்கே 'அச்சா'வுக்கு மேல் இந்தி ஏறவில்லை.

அவர் உள்ளே படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"பால் பூத்ல சொன்னாங்கம்மா, நாய்க்குட்டி இருக்குன்னு. டேய் குட்டி, இங்க வாடா. உக்காரு. அப்படித்தான் ராஜா. ராத்திரிக்கு என்னம்மா சாப்பிடுவான்?"

"தயிர்சாதம்." ருக்கு சொன்னாள்.

"நமக்கும் அதேதான். தொட்டுக்க மாவடு இருந்தாப் போதும்."

நம்மூர்க்காரர் கிடைத்துவிட்டார். ஜம்பு கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "சாருக்கு எந்த ஊர்? மதுரைப் பக்கமா?"

மணி, வந்தவரின் மடியில் ஏறி அவருடைய நீண்ட தாடியை நக்கிக்கொண்டிருந்தது.

"லாகூர் சார்" என்றார் சர்தார்ஜி, தலைப்பாகையைச் சரிசெய்தபடி. "மதராஸ் ரெஜிமென்ட்ல ஆபீசரா இருந்தேன். நம்ம பசங்க பாஷை தெரியாம அவங்களை எப்படி சார் பாத்துக்கறது?"

தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் திரட்டி ஜம்பு சொன்னார்:

"அச்சா."