பாப்பச்சன் சொல்லிக் கொடுத்த விடை

“மோளே, கிட்ட வா. நோயோட பேரை நான் சொல்லிடறேன், மனசுல ஏத்திக்கோ.”

கட்டிலில் படுத்திருந்த பாப்பச்சன் கிசுகிசுத்தார். மருத்துவக் கல்லூரியில் அன்று எம்.டி. பரீட்சை. நோயாளியைப் பரிசோதித்து என்ன நோயென்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நோயாளி வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று வருஷா வருஷம் வாயைத் திறப்பவர் பாப்பச்சன்.

அவர் காயலில் வள்ளம் துழாவிப் பிழைத்தவர். முதுகெலும்பு மூங்கில் கழியாக விறைத்த பிறகு துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் வள்ளம் தராத மரியாதையை முதுகு தந்தது. பரீட்சை வந்தால் கல்லூரியிலிருந்து ஜீப் வரும். கரையில் நிற்பவர்கள் எல்லாம் பார்க்க, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஏறி உட்காருவார். “என் முதுகைத் தடவித்தான் பாதி கேரளம் டாக்டராச்சு” என்று அவர் அளப்பது கள்ளுக்கடை வரைக்கும் பிரசித்தம்.

டாக்டர் ரம்லத் தலையாட்டி மறுத்தாள். “சொல்லாதீங்க சேட்டா. கேட்டுட்டா அப்புறம் என் கண்ணு அதை மட்டும்தான் தேடும்.”

“உனக்கு இது எத்தனாவது தடவை?”

“மூணாவது. இதுவும் போச்சுன்னா இனிமே உக்கார விட மாட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு வீம்பு? அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.”

அந்த நீளப் பெயரை நாக்கு எங்கேயும் தடுக்காமல் சொல்வதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

ரம்லத் காதில் வாங்கிய மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. குனியச் சொன்னாள், முட்டியை மடக்கிப் பார்த்தாள். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். பிறகு டார்ச்சை எடுத்துக் கண்ணின் வெள்ளையில் அடித்தாள். காது மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“நோய் முதுகுல இருக்கு. நீ காதுல என்ன தேடறே?”

“சட்டையில அக்குள் பக்கம் ஏன் இப்படிக் கறையா இருக்கு சேட்டா?”

“அதை ஏன் கேக்கறே. எல்லாம் வேர்வைதான். எந்த சோப்புக்கும் போக மாட்டேங்குது. இது மனுஷ உடம்பா, மை புட்டியான்னு கேட்டு, என் பொஞ்சாதி அன்னம்மா துணியோட சேத்து என்னையும் துவைச்சு எடுக்கறா.”

ரம்லத் சட்டென்று நிமிர்ந்தாள். நர்ஸிடம் சொல்லி அவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தாள்.

தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் துறைத் தலைவர் டாக்டர் பிஷாரடி. இன்னொருவர் மங்களூரிலிருந்து வந்த டாக்டர் ஷெனாய்.

“அல்காப்டோனூரியா சார்” என்றாள் ரம்லத்.

வாய்க்குள் ஊட்டியதைத் துப்பிவிட்டு நிற்கிறதே இந்தப் பெண் என்று பாப்பச்சன் தவித்தார்.

பிஷாரடியின் முகம் கடுகடுத்தது. “இந்தக் கட்டில் பக்கத்துல நின்னு பாஸானவங்க எத்தனை பேர் தெரியுமா? அத்தனை பேரும் முட்டாளா?”

“அவங்க என்ன பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் பாத்ததைச் சொல்றேன். கண் வெள்ளையில பழுப்புப் புள்ளி இருக்கு. காதுல நீலம் ஓடியிருக்கு. வேர்வை துணியில கறையாகுது. பிறவியிலேயே உடம்புல ஒரு பொருள் செரிக்காம தங்கி, கறுத்துப்போய், மூட்டுலயும் முதுகுலயும் படியற நோய் இது. சிறுநீர்ல காரம் விட்டா கறுக்கும்.”

“போதும். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க” என்று பிஷாரடி பேனாவை எடுத்தார்.

“ரெண்டு சொட்டுதானே, விட்டுப் பாத்துடுவோம் சார்” என்றார் ஷெனாய்.

விட்டார்கள். மஞ்சளாக இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஆனது.

ஷெனாய் ரம்லத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாஸ் மட்டும் இல்லம்மா, நீதான் இன்னிக்கு முதல் மார்க். லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு வர்ற நோய். நானே இப்பத்தான் நேர்ல பாக்கறேன்.”

இத்தனை வருஷம் வைத்திருந்த நோயைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று வாடியிருந்த பாப்பச்சனின் முகம் மலர்ந்தது. “லட்சத்துல ஒருத்தனா? அன்னம்மா இதைக் கேக்கணும் சாரே.”

“விறைச்ச முதுகு வளையாது பாப்பச்சன். ஆனா இதுக்கு வேற மருந்து இருக்கு. முட்டியை, இடுப்பைக் காப்பாத்தப் பாக்கலாம்.” ஷெனாய்க்கு மனம் ஆறவில்லை. “இவ்வளவு வருஷம் வேண்டாத மருந்தைத் தின்ன வச்சிருக்காங்களே. முதல்ல அந்தத் தப்பான பேரைச் சொன்ன ஆளை அன்னிக்கே ஃபெயிலாக்கியிருக்கணும்.”

பிஷாரடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாப்பச்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கல்லூரியை வெளியூர்க்காரர் குறை சொன்னால் அவர் பொறுப்பாரா?

“ஃபெயிலா? நல்லா சொன்னீங்க சாரே. இதே கட்டில்ல, என் முதல் பரீட்சையில, அந்தப் பேரைச் சொன்னதுக்குத் தங்க மெடலே கொடுத்தாங்க” என்ற பாப்பச்சன், ஜன்னலைப் பார்த்துப் பெருமையோடு குரல் கொடுத்தார். “அவருக்கு எடுத்துச் சொல்லுங்க பிஷாரடி சாரே, உங்க வாயால கேட்டுத்தானே நானே அந்தப் பேரைக் கத்துக்கிட்டேன்.”