கதவளவு வண்டு

"என் சுவத்துல ஆணி அடிக்க இவன் யாரு? என் புருஷனா?"

நமோண்டோ கத்திய கத்தலில் கூரைத் தகரம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. பேட்டைத் தலைவர் எஃபோசியைப் பாதிச் சாப்பாட்டில் கிளப்பி, விரலில் ஒட்டிய மரவள்ளிக் களியோடு இழுத்து வந்திருந்தாள். பின்னாலேயே பேட்டையும் வந்துவிட்டது.

அவளுடைய சாப்பாட்டுக் கடையின் தெருப்பக்கச் சுவரில் கதவளவுக்கு ஓர் அலுமினியத் தகடு. அது முழுக்க அச்சடித்த வண்டுகள். முதுகில் ஊசி குத்தி, காலைப் பரப்பி, வரிசை வரிசையாக. நடுவில் இருந்த, வெள்ளைக் கோடு போட்ட வண்டு ஓர் ஆட்டுக்குட்டி பருமன்.

அதைச் சுவரில் அறைந்தவன் பக்கத்து வீட்டு லியோங்கா. செத்த வண்டுகளைப் படமெடுத்து, தகட்டில் அச்சடித்து, கடற்கரை ஹோட்டல்களுக்கு விற்கிறவன். நமோண்டோ சித்தி வீட்டுத் துக்கத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து நேற்றுத் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிட்டான்.

"நான் புழு வறுத்து விக்கிறவ, தலைவரே. வடக்கேருந்து வந்த லாரிக்காரன் ஒருத்தன், பனம்புழு வெண்ணெயா கரையுதுன்னு சொல்லிக்கிட்டே நிமிந்து பாத்தான். இந்தா, இந்தக் கூன்வண்டு! 'இது என்ன?'ன்னான். பல்லு குத்திக்கிட்டிருந்த ஒருத்தர், 'நீ திங்கிறியே, அதோட அம்மா'ன்னுட்டாரு. தட்டைப் போட்டுட்டு ஓடினவன், லாரியை எடுக்கக்கூட வரல!"

தலைவர் இருமினார். பல்லு குத்தியவர் அவர்தான்.

கூட்டம் சிரித்தது. நமோண்டோ சிரிக்கவில்லை.

"சிரிங்க. என் அடுப்பு அணைஞ்சா, நானும் பிள்ளைங்க நாலும் உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவோம்."

சிரிப்பு நின்றது.

"ஏம்ப்பா லியோங்கா, உன் சுவத்துல மாட்டிக்கிறதுதானே?" என்றார் தலைவர்.

"அவன் சுவரா? எங்க இருக்கு, காட்டச் சொல்லுங்க!"

உண்மைதான். சாலையை அகலப்படுத்த வந்த இயந்திரம் போன வாரம் அவன் வீட்டின் முன்பாதியைத் தின்றுவிட்டது. ஹோட்டல் மதிலைக் கண்டதும் பாம்பாக வளைந்த அந்தச் சாலை, இந்தத் தெருவுக்கு வந்ததும் அம்பாக நிமிர்ந்துகொண்டது. லியோங்கா இப்போது தார்ப்பாய்க்கு அடியில் தகடுகளோடு படுத்துக்கொள்கிறான். தெருவில் மிச்சமிருக்கும் வீடுகளை இடிக்க இயந்திரம் இன்று கடைசி முறையாக வந்து, தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன். என் வீட்டை விட்டுட்டு இவன் வீட்டை இடிச்சுது. யாரு எப்படின்னு ஆண்டவருக்குத் தெரியாதா? இந்தத் தகட்டை நல்ல விலைக்குக் கேட்டு ஹோட்டல்காரன் ஆள் அனுப்பினான். மாட்டேன்னுட்டானாம்! தலைக்கு மேல கூரை இல்ல, தலைக்குள்ள திமிரு மட்டும் குறையல."

லியோங்கா தெருமுனையைப் பார்த்தான். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. நாளைக்கு நானே கழட்டிடறேன்."

"ஏன், நாளைக்குத்தான் உன் வண்டுக்கு நல்ல நாளோ?"

"காரணத்தைச் சொல்லிடேம்ப்பா," என்றார் தலைவர்.

"இத்தனை பேர் நடுவுல சொல்ல முடியாதுங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? சூனியம்! வாயைத் திறந்து சொல்ல முடியாதது வேற என்ன இருக்கு?"

அடுப்படியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள். குறுக்கே விழுந்தவனை ஒரே தள்ளு. ஆணிகள் கீச்சிட்டன. தகடு தடாலென்று தெருவில் விழுந்தது.

கூட்டம் கழுத்தை நீட்டியது.

சுவரில், ஆள் உயரத்துக்கு, ரத்தச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இடிக்க வேண்டிய வீட்டுக்குச் சாலைக்காரர்கள் போடும் குறி. மேலே யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதையும் மீறிச் சிவப்பு கசிந்திருந்தது.

"நீங்க துக்கத்துக்குப் போனப்ப போட்டாங்க," என்றான் லியோங்கா தணிந்த குரலில். "சுண்ணாம்பு அடிச்சேன், மறையல. வண்டி ஓட்டறவனுக்குச் சிவப்பு தெரிஞ்சா இடிப்பான். தெரியலன்னா போயிடுவான்."

"பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்ககிட்டயா? பொழுது சாயறதுக்குள்ள அந்த ஓட்டறவன்கிட்டயே சொல்லியிருப்பீங்க, அக்கா."

உறுமல் நெருங்கியது. இயந்திரம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"என்ன வேடிக்கை?" நமோண்டோ தகட்டைத் தானே தூக்கிவிட்டாள். "தலைவரே, அந்த ஓரத்தைப் பிடிங்க! ஆணி எங்க? டேய், நாலு பத்தாது, ஆறா அடி! வண்டு கோணுது பாரு!"

உலக்கையால் அவளே அடித்தாள்.

இயந்திரம் வந்து நின்றது. ஓட்டுகிறவன் ஆட்டுக்குட்டி பருமன் வண்டைப் பார்த்தான். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூட்டம் கலைந்தது. நமோண்டோ உலக்கையைச் சுவரில் சாத்தினாள். பிறகு, பக்கத்தில் லியோங்காவின் வீடு இடிந்து கிடந்த செங்கல் குவியலைப் பார்த்தாள்.

"உன் சுவத்துலயும் இதே குறிதானே போட்டிருந்தான்?"

"ஆமாக்கா."

"அப்புறம் அதுல ஏண்டா மாட்டல?"

லியோங்கா தார்ப்பாயை விலக்கிக் காட்டினான். உள்ளே எல்லாமே சாப்பாட்டுத் தட்டு அளவுத் தகடுகள்.

"பெருசு ஒண்ணுதான் இருந்துச்சு, அக்கா."